சின்னப் பட்டத்துக்கு என்ன வேலை?

“அடியேனுக்கு இந்த மடத்தில் என்னதான் வேலை?”

பொன்னம்பலத் தம்பிரான் இப்படிக் கேட்டபோது, அவருடைய குரு ஐயாறப்ப தேசிகர் மடத்துக் குளத்துப் படியில் நின்று காவி வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன வேலையா?”

“ஆமாம். சந்நிதானம் சொன்னால் செய்கிறேன்.”

தேசிகர் கையிலிருந்த செம்பை நீட்டினார்.

“இதைப் பிடியும்.”

தம்பிரான் பிடித்துக்கொண்டார். தேசிகர் தொபுக்கடீரென்று குளத்தில் குதித்தார். அக்கரைவரை நீந்திப் போய் அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தவனிடம் ஏதோ பேசிச் சிரித்தார். திரும்பி நீந்தி வந்தார். செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதுதான் பதிலா, இல்லை சும்மா செம்பைப் பிடிக்கச் சொன்னாரா என்று தம்பிரானுக்கு விளங்கவில்லை. ஞானிகளோடு குடித்தனம் நடத்துவதில் இது ஒரு பெரிய தொல்லை. அவர்கள் தும்மினால்கூட அர்த்தம் தேட வேண்டியிருக்கிறது.

கொன்றைவனம் மடத்தில் இரண்டு பட்டம் உண்டு. பெரிய பட்டம் ஐயாறப்ப தேசிகர். அவரைத்தான் எல்லோரும் சந்நிதானம் என்பார்கள். அவருக்குப் பிறகு பீடத்தில் உட்காரப்போகிறவர் சின்னப் பட்டம் பொன்னம்பலத் தம்பிரான்.

பெரியவர் சொன்னால் நடக்கும். சின்னவர் சொன்னால், “சந்நிதானத்தைக் கேட்டுட்டு வந்துடறோம்” என்பார்கள்.

சின்னவர் என்று சொல்கிறோமே தவிர, தம்பிரானுக்கு அறுபது நெருங்கிவிட்டது. முழங்கால் வலி. சாப்பிட்டால் நெஞ்சு கரிக்கும். தேசிகருக்கு அவரைவிட மூன்று வயது கூட, ஒரு வலியும் கிடையாது. கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு.

குரு ஆரோக்கியமாக இருப்பது சிஷ்யனுக்குச் சந்தோஷம்தான். சந்தோஷம்தான் என்று தம்பிரான் தனக்குத் தானே அடிக்கடி சொல்லிக்கொண்டார்.

அவரைக் கடைவீதியில் நிம்மதியாக நடக்க விடமாட்டார்கள்.

“சாமி, சந்நிதானம் உடம்பு எப்படி இருக்கு?”

“நல்லா இருக்காங்க” என்று சிரித்துக்கொண்டே சொன்னால், “வயித்தெரிச்சலை மறைச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு பாரு” என்பார்கள். சிரிக்காமல் சொன்னால், “பாவம், காத்துக் காத்துக் கண்ணே பூத்துப் போச்சு” என்பார்கள்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், “நீங்களே போய்ப் பாத்துக்குங்க!” என்று எரிந்து விழுந்தார்.

சாயங்காலத்துக்குள் பாதி ஊர் மாலையோடு துக்கம் விசாரிக்க வந்துவிட்டது. தேசிகர் வாசலில் உட்கார்ந்து பனங்கிழங்கு தின்றுகொண்டிருந்தார். “யார் போனது?” என்று கேட்டார்.

மடத்துக்கு ஒரு சபை உண்டு. ஊர்ப் பெரிய மனிதர்கள் பத்துப் பேர். தலைமை இடம் சின்னப் பட்டத்துக்கு. தலைமை என்றால், அவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். பேசக் கூடாது. பத்துப் பேரும் ஐந்தும் ஐந்துமாகப் பிரிந்து நின்றால் மட்டும், ஒரு பக்கத்துக்கு அவர் கை தூக்கலாம்.

அப்படி அவர்கள் பிரிந்ததே இல்லை. முந்தின நாளே ஒவ்வொருவராக வந்து சந்நிதானத்தின் நினைப்பைத் தெரிந்துகொண்டு போய்விடுவார்கள். தப்பித் தவறி ஐந்தும் ஐந்துமாக ஆகிற மாதிரி இருந்தால், வெற்றிலை போட எழுந்து வெளியே போவார்கள். திரும்பி வரும்போது ஆறும் நாலுமாக வருவார்கள்.

ஒரு தடவை சபையில் தம்பிரானுக்குக் கொட்டாவி வந்தது. மடத்து நிர்வாகத்தைப் பார்க்கும் காறுபாறு, வைத்தியலிங்கத் தம்பிரான், உடனே எழுந்து நின்றார்.

“சபை நடக்கும்போது சின்னப் பட்டம் வாய் திறக்கிற வழக்கம் இல்லை.”

கொட்டாவியைப் பாதியில் விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் தென்கரையிலிருந்து ஆள் வந்தது.

தென்கரையில் ஒரு சின்ன மடம். அதன் தலைவர் வாரிசு சொல்லாமலே காலமாகிவிட்டார். அந்த ஊர் முத்துவேலுப் பிள்ளை நேரில் வந்து தம்பிரானை வணங்கினார்.

“எங்க மடத்துக்கு நீங்க தலைமையா வந்துடணும் சாமி. இங்க எத்தனை நாளைக்கு ரெண்டாவது ஆளா இருப்பீங்க?”

வெந்த புண்ணில் வேல் என்பது இதுதான். ஆனால் வலிக்கவில்லை, இனித்தது.

தம்பிரான் குருவிடம் போனார். தேசிகர் தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

“தூங்குறீங்களா?”

“இல்லை. சொல்லும்.”

“தென்கரையில் கூப்பிடுகிறார்கள்.”

“கேள்விப்பட்டேன்.”

“போகலாமா?”

தேசிகர் கண்ணைத் திறக்கவே இல்லை. தம்பிரானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை வருஷமாக அடக்கி வைத்த கோபம்.

“சந்நிதானம் இருக்கிறவரை அடியேனுக்கு வேலை இல்லை. சந்நிதானம் இல்லாமல் போனால்தான் வேலை. காலையில் எழுந்து சாமி முன்னால் நிற்கும்போது நான் எதை வேண்டிக்கொள்வது? நீங்களே சொல்லுங்கள்!”

தேசிகர் கண்ணைத் திறந்தார்.

“முழங்கால் வலி போகணும் என்று வேண்டிக்கொள்ளும்.”

தம்பிரான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

“அறுவடை முடியட்டும். பிறகு போகிறதானால் போம்” என்றார் தேசிகர். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

மார்கழியில் தேசிகர் படுக்கையில் விழுந்தார்.

பனியில் குளத்தில் நீந்தாதீர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்டால்தானே. நெருப்பாகச் சுட்டது உடம்பு. தொண்டை அடைத்துப் பேச்சு நின்றுபோனது. வைத்தியர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அந்த உதட்டைப் பார்த்ததும் தம்பிரானின் மனசுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. அது துக்கம் இல்லை.

அது என்னவென்று புரிந்தவுடன் அவர் கூடத்து மூலைக்குப் போய்த் தன் கன்னத்தில் தானே பளார் பளாரென்று அறைந்துகொண்டார். பிறகு வந்து குருவின் காலைத் தேய்த்துச் சூடேற்றினார்.

சபை கூடியது. முதல் பிரச்சினை, தம்பிரான் எங்கே உட்காருவது.

பீடத்தில் உட்காரக் கூடாது, சந்நிதானம் உயிரோடு இருக்கிறார். பழைய இடத்திலும் உட்காரக் கூடாது, மடத்தின் பொறுப்பு இப்போது அவருடையது. காலை முழுக்க இதைப் பேசினார்கள்.

“சந்நிதானத்தோட பாதுகையைப் பீடத்துல வெச்சு ஆளலாம். முன்னாடி அப்படி நடந்திருக்கு” என்றார் ஒரு பெரியவர்.

“அது சரி, அவங்க அண்ணன் காட்டுல இருந்தாரு. நம்ம சந்நிதானம் பக்கத்து அறையில இருக்காங்க. கொல்லைப்பக்கம் போக அந்தப் பாதுகைதானே வேணும்?” என்றார் இன்னொருவர்.

தம்பிரான் தரையில் உட்கார்ந்தார். “ஆக வேண்டியதைப் பேசுங்க” என்றார்.

ஆக வேண்டியது வாசலில் நின்றுகொண்டிருந்தது. மடத்து நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடும் கீழ்வெளிக்காரர்கள் திரண்டு வந்திருந்தார்கள். முன்னால் கொளஞ்சி என்ற பெண்.

“சாமி, கதிரு பால் புடிக்கிற நேரம். ஒரே ஒரு தண்ணி. அது இல்லன்னா அத்தனையும் பதராப் போயிடும். ஏரி மதகத் தொறந்து விடுங்க.”

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஏரியில் கிடந்ததே கொஞ்சம் தண்ணீர். தைப்பூசத் தெப்பத்துக்குக் கோயில் தெப்பக்குளத்தை நிரப்புவதும் அந்த ஏரிதான். தெப்பம் முடிகிறவரை மதகைத் திறக்கக் கூடாது என்பது மடத்து வழக்கம்.

வைத்தியலிங்கத் தம்பிரான் சொல்லிவிட்டார்: “சாமி தெப்பத்தில் சுற்றாத வருஷம் இந்த ஊரில் இல்லை. திறந்தால் அது தப்பு. சின்னப் பட்டம் திறந்தாலும் தப்புதான்.”

“இங்க வெளையறதுதானய்யா சாமிக்குப் பொங்கலு!” என்றாள் கொளஞ்சி.

சபை கை தூக்கியது. வழக்கமாகச் சந்நிதானத்தின் நினைப்பைத் தெரிந்துகொண்டு தூக்குவார்கள். இந்தத் தடவை சந்நிதானம் போர்வைக்குள் நினைவு தப்பிக் கிடந்தார். ஆகவே அவரவர் மனசாட்சிப்படி தூக்க வேண்டியதாயிற்று. பழக்கமில்லாத வேலை.

ஐந்தும் ஐந்தும்.

வெற்றிலைக்கு எழுந்து போனார்கள். திரும்பி வந்தார்கள். மறுபடியும் ஐந்தும் ஐந்தும்.

எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்கள்.

இந்த ஒரு கணத்துக்காக எத்தனை வருஷம் ஏங்கியிருப்பார்! இப்போது அவருக்குக் கை வரவில்லை.

“சந்நிதானம் என்ன நினைக்கிறாங்கன்னு பாத்துட்டு வரேன்” என்று எழுந்தார். சபையும் அவர் பின்னாலேயே எழுந்து வந்தது.

தேசிகர் மல்லாந்து படுத்திருந்தார். நினைவு வந்து கண் திறந்திருந்தது.

“ஏரித் தண்ணியைத் திறக்கலாமா?” என்று தம்பிரான் காதருகே கேட்டார்.

தேசிகர் மெதுவாகக் கையை எடுத்தார். ஒரு விரலை மேலே தூக்கினார்.



“ஒரு மதகை மட்டும் திறக்கச் சொல்றாங்க.”

“இல்லை, ஒரு நாள் பொறுக்கச் சொல்றாங்க.”

“மேல இருக்கிறவன் ஒருத்தன். அவனுக்குத்தான் தண்ணின்னு சொல்றாங்க. தெப்பம்!”

விரல் இன்னும் ஆவேசமாக ஆடியது. சபை இரண்டாகப் பிரிந்து அங்கேயே சண்டை போட்டது. காறுபாறு ஒரு திருமுறைப் பாட்டைத் தொடங்கிவிட்டார்.

“எல்லாரும் வெளியே போங்க!” என்று கத்தினார் தம்பிரான்.

கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து குருவின் முகத்தைப் பார்த்தார். முகமெல்லாம் பஞ்சும் நாரும் தூசியும். அண்ணாந்து பார்த்தார். மேலே உத்தரத்தில் அணில் ஒன்று கூடு பிரித்துக்கொண்டிருந்தது. அது உதறியதெல்லாம் நேராகத் தேசிகரின் மூக்கில் விழுந்துகொண்டிருந்தது.

தம்பிரான் அணிலை விரட்டினார். ஈரத்துணியால் குருவின் முகத்தைத் துடைத்தார். தேசிகர் நிம்மதியாகத் தூங்கிப் போனார்.

தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தம்பிரான் அந்தத் தூங்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆத்திரமாக வந்தது. ஆரோக்கியமாக இருந்தபோதும் சொல்லித் தொலைக்கவில்லை. சாகக் கிடக்கும்போதும் சொல்லித் தொலைக்கவில்லை.

வெளியே வந்தார். விறுவிறுவென்று ஏரிக்கரைக்கு நடந்தார், முழங்கால் வலியையும் மறந்து. மதகு திறக்கும் ஆள் கும்பிட்டான்.

“சாமி, யாரு உத்தரவு?”

“திறடா என்றால் திற!”

தண்ணீர் கீழ்வெளிக்குப் பாய்ந்தது. கொளஞ்சி வாய்க்காலில் இறங்கி நின்று அழுதாள்.

பூசத்தன்று தெப்பக்குளத்தில் முழங்காலளவு சேறு. தெப்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு குளத்தைச் சுற்றி வந்தார்கள். கிழவர்கள் அழுதார்கள். சிலர் தம்பிரான் நிற்கும் பக்கம் பார்த்துக் காறித் துப்பினார்கள்.

அதற்குள் தேசிகர் எழுந்துவிட்டார். கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு என்றேனே. கஞ்சி குடித்தார், இட்லி கேட்டார், பேச்சு வந்தது.

பேச்சு வந்த மறுநாளே சபை அவர் முன்னால் கூடியது. அன்று தண்ணீருக்குக் கை தூக்கிய ஐந்து பேரும் இப்போது, தாங்கள் தூக்கவே இல்லை என்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“தெப்பம் நின்னுபோச்சு. நம்ம பாட்டன் காலத்துல இல்லாத அவமானம். சின்னப் பட்டத்தை இறக்கணும். இன்னிக்கே இறக்கணும்.”

“பயிராவது தேறுமா? அதுவும் சந்தேகம். இலையெல்லாம் சுருண்டு கிடக்கு. தண்ணியும் போச்சு, தெப்பமும் போச்சு.”

காறுபாறு தம்பிரானின் முகத்தைப் பார்த்தே சொன்னார்: “அடியேன் அன்றைக்கே சொன்னேன். தப்பு என்று சொன்னேன்.”

தம்பிரான் தலை குனிந்து நின்றார். தொண்டை வறண்டு போயிருந்தது. பட்டத்தை இறக்கினால் தென்கரைக்காரன்கூட வாசலில் சேர்க்கமாட்டான். இத்தனை வருஷம் செம்பு பிடித்ததற்குக் கிடைத்த பலன் இதுதானா என்று நினைத்தார்.

தேசிகர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“நான்தானே திறக்கச் சொன்னேன்” என்றார்.

கட்டிக்கொண்டிருந்த கைகள் அவிழ்ந்தன.

“சந்நிதானம் அப்ப பேசவே இல்லையே?”

“பேசவில்லை. விரலைக் காட்டினேனே. நீங்கள் எல்லோரும்தானே பார்த்தீர்கள்? ஒரு மதகைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். தெப்பம் நின்றதற்கு யாரையாவது திட்ட வேண்டும் என்றால் என்னைத் திட்டுங்கள்.”

“அப்பவே எனக்குப் பட்டுது!” என்றார் ஒரு பெரியவர். “எனக்கும்” என்றார் இன்னொருவர். சந்நிதானத்தைத் திட்ட முடியுமா? முனகிக்கொண்டே கலைந்தார்கள்.

கடைவீதியில் கொஞ்ச நாள் தேசிகரைத்தான் திட்டினார்கள். காய்ச்சலில் மூளை கலங்கிவிட்டது என்றார்கள். தேசிகர் குளிக்கப் போனபோது ஒருத்தன் எழுந்து நிற்காமல் உட்கார்ந்தே இருந்தான்.

தம்பிரான் தம் அறையில் படுத்துச் சுகமாகத் தூங்கினார்.

மாசியில் கீழ்வெளி விளைந்தது.

இலை சுருண்ட பயிரா இது என்று எல்லோருக்கும் ஆச்சரியம். கதிர் தலை சாய்ந்து கிடந்தது. அறுவடை முடிந்ததும் கீழ்வெளிக்காரர்கள் மேளத்தோடு வந்தார்கள். முதல் நெல்லைக் கொண்டுவந்து தேசிகரின் காலடியில் கொட்டினார்கள்.

“படுத்த படுக்கையிலகூட எங்கள மறக்கலையே சாமி!” என்று கொளஞ்சி விழுந்து கும்பிட்டாள். “வெரலக் காட்டி உசிரக் காப்பாத்துனீங்களே!”

தேசிகர் கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்தார். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

அந்த விரலை வைத்துப் பாட்டே கட்டிவிட்டார்கள். காறுபாறு, விரல் பதித்த ஒரு கல்லை மதகருகே நடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

தம்பிரானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு காரியம் செய்தார். ஒன்றே ஒன்று. அதையும் இந்த மனுஷர் எடுத்துக்கொண்டாரே! இது குருவா, கொள்ளைக்காரரா?

தென்கரைக்குச் சொல்லி அனுப்பினார். முத்துவேலுப் பிள்ளை மாலையும் வண்டியுமாக வந்து வாசலில் இறங்கினார்.

தம்பிரான் மூட்டையைக் கட்டிக்கொண்டு குருவின் முன்னால் போய் நின்றார். விழுந்து கும்பிட மனசு வரவில்லை.

“விடை கொடுக்கணும். நான் புறப்படுகிறேன்.”

“கோபமா?” என்றார் தேசிகர்.

“இல்லை.”

“பொய்.”

“ஆமாம், கோபம்தான்!” என்றார் தம்பிரான். “அந்தத் தண்ணீரைத் திறந்தது நான். உங்களைக் கேட்டேன், நீங்கள் சொல்லவில்லை. ஊர் காறித் துப்பியபோது வாங்கிக்கொண்டது நான். ஊர் இன்றைக்கு உங்கள் விரலைக் கும்பிடுகிறது. விரல்! நீங்கள் விரலைத் தூக்கியது அணிலுக்கு. அது எனக்கு நன்றாகத் தெரியும்.”

“எனக்கும் தெரியும்.”

“தெரிந்துமா என் காரியத்தை எடுத்துக்கொண்டீர்கள்?”

“எப்போது எடுத்தேன்?”

“சபையில். எல்லோர் முன்னாலும்.”

“அணிலுக்குத்தான் என்று அன்றைக்கே சபையில் சொல்லியிருக்கலாமே” என்றார் தேசிகர். “நீர் பக்கத்தில்தானே நின்றீர்?”





தம்பிரானுக்கு அன்று வறண்டு போயிருந்த தொண்டை ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு தூங்கிய சுகமான தூக்கமும் ஞாபகம் வந்தது. காது மடல் சுட்டது.

“கேட்டிருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்திருப்பேன்” என்றார் தேசிகர்.

தம்பிரான் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். முழங்கால் மடக்கென்று சத்தம் போட்டது.

எழுந்து வாசலுக்கு வந்தார். மூட்டை அங்கேயே கிடந்தது.

முத்துவேலுப் பிள்ளை மாலையை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“புறப்படலாமுங்களா சாமி?”

“நான் வரலை. எங்க காறுபாறு வருவார். அவருக்குப் போடுங்க அந்த மாலையை.”

பின்னால் நின்றுகொண்டிருந்த வைத்தியலிங்கத் தம்பிரான் கையிலிருந்த சாவிக்கொத்தைக் கீழே போட்டுவிட்டார்.

“அடியேனா?”

“நீங்கதான். தப்புன்னு என் முகத்துக்கு நேரா சொன்னவர் இந்த மடத்தில் நீங்க ஒருத்தர்தான். அப்படி ஒருத்தர் பீடத்துல இருக்கட்டும்.”

பிள்ளை திகைத்துப் போனார். காறுபாறைப் பார்த்தார், தம்பிரானைப் பார்த்தார். மாலையை எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியவில்லை.

“இது சந்நிதானம் உத்தரவுங்களா?”

“சந்நிதானத்தை நான் கேக்கலை. இது என் உத்தரவு.”

“உங்க உத்தரவா?” பிள்ளை குரலைத் தாழ்த்தினார். “சாமி, தப்பா நினைக்காதீங்க. இவர் வந்து அங்க ஒத்துப்போகலை, ஊர் ரெண்டாப் போச்சு, மடம் பாழாப் போச்சுன்னு வெச்சுக்குங்க. அப்ப நாங்க யாருகிட்ட வந்து நிக்கிறது?”

“எங்கிட்டதான்” என்றார் சின்னப் பட்டம். “அப்பவும் இது என் உத்தரவுதான்.”